சும்மா உட்கார்ந்தவள்

எங்கள் காட்டோரமாக மின்சாரக் கம்பம் நட்ட வருசம் அது. நடுவதற்கு முன்னால் கோயமுத்தூரிலிருந்து தொப்பி வைத்த ஒருவர் வந்து ஊரைக் கூட்டிப் பேசினார். இன்ன மாதம் குழி வெட்டுவோம், இன்ன மாதம் கம்பி இழுப்போம், ஆடு மாடு கம்பத்தில் உரசினால் ஒன்றும் ஆகாது, யாரும் பயப்பட வேண்டாம் என்று பொழுது சாய்கிற வரைக்கும் விளக்கம் சொன்னார். ஒரு கம்பம் நடுவதற்கு இத்தனை பேச்சு! என் உடம்புக்குள் அதே வருசம் நடந்த காரியத்தைப் பற்றி முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்ல ஊரில் ஒரு நாதி இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாதவிலக்கு நின்றுபோனதைத்தான் சொல்கிறேன். முகம் சுளிக்கிறவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போய்க்கொள்ளலாம். எனக்கு ஒன்றும் நட்டமில்லை.

கிணத்துக்கடவுக்குத் தெற்கே எங்கள் தோட்டம். வீட்டில் என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, நான், எங்கள் ஒரே மகன், அவனுக்குக் கட்டிவந்த மருமகள். மகன் கோயமுத்தூரில் ஒரு மில்லில் கணக்குப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை லீவு என்று வருவான். வீட்டுக்காரரின் அக்காவை எங்கள் பக்கத்தில் நங்கை என்போம். சின்ன வயதிலேயே புருசனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவர். வீட்டின் சுத்தபத்தம் முழுக்க அவர் கையில் இருந்தது. யார் எதைத் தொடலாம், யார் எங்கே நிற்கலாம், யார் எப்போது தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நான் கட்டிவந்த நாளிலிருந்து என் உடம்பின் கணக்கு எனக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.

எனக்கு வேலை என்ன என்று கேட்கிறீர்களா? கோழி கூப்பிடக் கட்டுத்தரையில் சாணி அள்ளுவதில் ஆரம்பம். பால் பீய்ச்சி, மோர் சிலுப்பி, கம்பு குத்தி, ராகிக் களி கிளறி, காட்டாட்களுக்குக் கஞ்சி சுமந்து, களை வெட்டி, பருத்தி எடுத்து, ஒறம்பரை வந்தால் அவர்களுக்கும் சேர்த்து உலை வைத்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுப்பேன். அமாவாசையன்று எங்கள் பக்கத்தில் எருதைக் கூட ஏரில் பூட்ட மாட்டார்கள். வாயில்லாத ஜீவன், இளைப்பாறட்டும் என்பார்கள். வாயுள்ள எனக்கு அமாவாசையன்று படையல் சமைக்கிற வேலை கூடுதலாக வந்து சேரும்.

ஆனால் மாதத்தில் மூன்று நாள் எனக்கும் இருந்தது. வீட்டுக்குப் பின்னால், வேலியோரமாக, பனையோலை வேய்ந்த சின்னச் சாளை ஒன்று. வீட்டுக்குத் தூரமானவர்கள் அங்கேதான் இருக்க வேண்டும். அடுப்பைத் தொடக்கூடாது. மோர்ப்பானையைத் தொடக்கூடாது. கட்டுத்தரைக்குள் கால் வைக்கக்கூடாது. பருத்திக் காட்டுக்குள் போனால் செடி கருகிவிடுமாம், அங்கேயும் போகக்கூடாது. ஆகா, எவ்வளவு நல்ல கட்டளைகள்! ஊர் அதைத் தீட்டு என்றது. என் மகன் மில்லுக்குப் போன பிறகு அதற்குச் சரியான பேர் எனக்குக் கிடைத்தது: லீவு. பாயை விரித்து முதுகு முழுவதும் தரையில் படும்படி படுப்பேன். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காற்று சாளைக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போகும். மேற்கே மலை நீலமாகக் கிடக்கும். கல்யாணத்துக்கு முன்னால் மூன்றாம் வகுப்பு வரை படித்திருந்ததால், மகன் கொண்டுவந்து போடுகிற பழைய பத்திரிகைகளை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். படித்துப் படித்துத்தான் பின்னாளில் இப்படி எழுதவும் வந்தது. அந்த மூன்று நாளில் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் நான் எழுந்து போக முடியாது. அது எவ்வளவு பெரிய சுகம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அதுதான் நின்றது. முதலில் இரண்டு மாதம் தள்ளிப்போயிற்று; நங்கை அப்போது ஒறம்பரை வீட்டில் தங்கியிருந்ததால் எண்ணவில்லை. அப்புறம் மார்கழிக் குளிரில் எனக்கு மட்டும் வியர்த்தது. கழுத்திலிருந்து நெற்றி வரைக்கும் ஒரு சூடு ஏறும், சீலைத் தலைப்பால் விசிறிக்கொள்வேன், இறங்கும். ஏதோ தீராத சீக்கு என்று பயந்து, நங்கை திரும்பி வருவதற்குள் பக்கத்து ஊர் மருத்துவச்சியை ஆள் அனுப்பி வரவழைத்தேன். என் மகனுக்குப் பேறு பார்த்தவள் அவள். நாடியைக்கூடப் பிடிக்கவில்லை.

"ஏனுங்க அம்மணி, இதுக்குப் போயா பயந்தீங்க? நின்னு போச்சுங்க. வயசாச்சில்லீங்களா?"

"ஆருக்கு வயசாச்சு?" என்றேன்.

"உங்களுக்குத்தானுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளுக்கு வெற்றிலை கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். தலையில் நரை இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஊசியில் நூல் கோக்க மருமகளைக் கூப்பிட வேண்டியிருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதெல்லாம் தனித்தனியாக வந்தவை. இதுதான் வயது என்று யாரும் ஒன்றாகச் சேர்த்து என் முன்னால் வைத்ததில்லை. அவள் போன பிறகுதான் அடுத்தது உறைத்தது. அடப்பாவமே, என் மூன்று நாள்!

அடுத்த மாதம் அந்த நாள் வந்தபோது நான் எதையும் யோசிக்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு சாளைக்குப் போய்விட்டேன். நங்கை பார்த்தார். "தூரமா?" என்றார். "ஆமாங்க" என்றேன். அவ்வளவுதான். அதற்கடுத்த மாதமும் போனேன். அதற்கடுத்த மாதமும். ஒன்றுமில்லாத சீலையை வாய்க்காலில் நனைத்துத் துவைத்துக் காயப்போட்டேன். மூன்றாம் நாள் பொறுப்பாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன். பொய்க்கும் செலவு உண்டு. ஒரு தைப்பூசத்துக்கு வீட்டார் எல்லோரும் வண்டி கட்டிக்கொண்டு சென்னிமலைக்குப் போனார்கள். என் கணக்குப்படி அன்றைக்கு நான் சாளையில். முருகன் முகத்தைப் பார்க்காமல் கிடந்தேன். அவன் கோபித்துக்கொண்டிருக்க மாட்டான். அவனுக்கு என் முதுகு வலி தெரியும்.

இப்படி ஒரு வருசத்துக்கு மேல் ஓடியது. கெட்டது பருத்தியால்.

அந்த மாசிமாதம் பருத்தி ஒரேயடியாக வெடித்துவிட்டது. காடு முழுக்க வெள்ளை. ஆள் கிடைக்கவில்லை, மில் வேலைக்குப் போனவர்கள் போக மிச்சம் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு காட்டில். மருமகளுக்கு அப்போது முதல் கர்ப்பம், நாலாம் மாதம். எதைத் தின்றாலும் வாந்தி. அவள் செய்கிற வேலையும் என் தலையில் வந்து விழுந்தது. பொழுது விடிவதும் தெரியவில்லை, அடைவதும் தெரியவில்லை. மாசியில் சாளைக்குப் போக மறந்துவிட்டேன். பங்குனியில் நினைவு வந்தது, ஆனால் மழை வருகிற மேகம் கட்டியிருந்தது, எடுக்காத பருத்தி செடியிலேயே நனைந்துபோகும் என்று போகவில்லை. பொய் லீவைக்கூட ஒழுங்காக எடுக்கத் தெரியாத ஜன்மம் நான்.

ஒரு நாள் காட்டில் வெயில் ஏறி, காலையில் குடித்த புளித்த கம்மங்கூழ் குமட்டிக்கொண்டு வந்தது. வரப்போரமாகப் போய் வாந்தி எடுத்தேன். நிமிர்ந்தால் நங்கை நின்றுகொண்டிருக்கிறார். என்னை மேலும் கீழும் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார்.

"ஏம்புள்ள, ரெண்டு மாசமா நீ ஊட்டுக்குத் தூரமாகலியே?"

நான் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றேன். நின்றுவிட்டது என்றால், எப்போதிலிருந்து என்பார்.

"அட கெரகமே!" என்று நங்கை வாயில் கை வைத்தார். "மருமவ மாசமா இருக்கற ஊட்டுல மாமியாளுமா? இந்த வயசுலயா புள்ள?"

பாருங்கள், மருத்துவச்சி சொன்னபோது வயதாகிவிட்டது என்பதற்காகக் கோபப்பட்டேன். இப்போது வயதாகவில்லை என்று என் தலையில் கட்டுகிறார்கள். நான் இல்லை என்று சொல்வதற்குள் நங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் அன்றைக்குப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும் நங்கை அவர் காதில் போட்டிருக்கிறார். மனுசர் என்ன செய்திருக்க வேண்டும்? வெட்கப்பட்டிருக்க வேண்டும். கிடையாது. மறுநாள் மறுபடியும் பொள்ளாச்சிக்கு வண்டி கட்டிக்கொண்டு போய் ஒரு கூடை ஆரஞ்சும் ஜிலேபியும் வாங்கிக்கொண்டு வந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள், மீசையை எண்ணெய் போட்டு முறுக்கிவிட்டிருந்தார். நடையே மாறிவிட்டது. கிணற்றிலிருந்து நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறேன், ஓடி வந்து வாங்கினார்.

"குடு கண்ணு. நீயெல்லாம் இனி பாரந் தூக்கப்படாது."

கண்ணு! கட்டிவந்த நாளிலிருந்து அந்தக் குடம் என் இடுப்பில்தான் இருந்தது. இடுப்புப் பிடித்துக்கொண்டு நான் சுவரைப் பிடித்து நடந்த நாட்களில் அவர் கண்ணில் அந்தக் குடம் பட்டதே இல்லை. வயிற்றில் இல்லாத ஒரு பிள்ளைக்காகக் குடத்தை வாங்குகிறார், அங்கேயே இருக்கிற இடுப்புக்காக வாங்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அதைப் பார்த்து அவர் மசக்கை என்று நினைத்துக்கொண்டார்.

ஆரஞ்சைத் தின்றேனா என்று கேட்டால், தின்றேன். முழுக் கூடையும். அதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

ஆனால் விசயம் ஆரஞ்சோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடி, "அம்மா, மில்லுல தெரிஞ்சா என்னய கேலி பண்ணியே கொன்னுபோடுவாங்க" என்றான். மருமகள் மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அவள் நல்ல பெண், வாய் அதிகம் பேசாதவள். அன்றைக்குப் பேசினாள்.

"அத்தை, என்ற வளைகாப்புக்கு எங்கம்மா ஊட்டுச் சனமெல்லாம் வருவாங்க. உங்களையும் என்னையும் ஒட்டுக்கா நிறுத்திப் பார்த்துச் சிரிப்பாங்க. நான் இப்பவே எங்கம்மா ஊட்டுக்குப் போறனுங்க. பொறந்த பொறவு வாரனோ இல்லையோ, அதை அப்பறம் பாத்துக்கலாம்."

அவள் துணி மூட்டையைக் கட்டி வைத்திருந்தாள். என் மகனின் முதல் பிள்ளையைச் சுமக்கிறவள், என்னால் வெட்கப்பட்டு வீட்டை விட்டு இறங்குகிறாள். சொன்னால் என் மூன்று நாள் போய்விடும். சொல்லாவிட்டால் இந்தப் பெண் போய்விடுவாள்.

வாசலுக்கு வந்து நின்று எல்லோருக்கும் கேட்கிறபடி கத்தினேன்.

"எனக்குப் புள்ளையும் இல்லை, கிள்ளையும் இல்லை! எனக்கு நின்னு வருசம் ஒண்ணுக்கு மேலாச்சு! வயசாகிப் போச்சு எனக்கு! போதுமா?"

மருமகளை ஏற்றிப்போக வந்த வண்டிக்காரன் எருதைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான், அவன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். மருமகள் மூட்டையைக் கீழே வைத்தாள். என் வீட்டுக்காரர் கையில் இரண்டாவது கூடை ஆரஞ்சு. "அப்ப... இல்லியா?" என்றார். முறுக்கிய மீசை முறுக்கினபடியே இருந்தது, அதற்குக் கீழே இருந்த முகம்தான் தொங்கிப்போயிற்று. அந்த நிமிடம் அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அவருக்கும் யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

நங்கைதான் சமாளித்துக்கொண்டு முதலில் கணக்கைப் பிடித்தார்.

"அப்ப இத்தன மாசமா சாளையில உக்காந்தியே, தையில உக்காந்தியே, தைப்பூசத்துக்கு மலைக்குக் கூட வராம?"

"சும்மா உக்காந்தனுங்க."

"சும்மாவா?"

அந்த 'சும்மாவா' இன்னும் என் காதில் இருக்கிறது. தீட்டு என்று மூன்று நாள் ஒதுங்கியபோது அந்த வீட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. அடுப்பு எரிந்தது, மாடு கறந்தது, சோறு வெந்தது. சும்மா உட்கார்ந்தாள் என்றதும் அத்தனை பேருக்கும் நெஞ்சில் இடி. நான் சாமிக்கு விரோதமாகப் பொய் சொன்னதைக் கூட நங்கை பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சும்மா இருந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. என் வீட்டுக்காரர், "ஒடம்பு முடியலன்னா சொல்லியிருக்கலாமல்ல?" என்றார். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! முதுகு வலிக்கிறது என்றால் "சுக்குத் தண்ணி குடி" என்பார். அதைக் குடிப்பதற்குக் கூட நானே எழுந்து நானே கொதிக்க வைக்க வேண்டும்.

இரண்டு நாள் ஆனது. நங்கைக்குக் கோபம் தீர்ந்து முகமெல்லாம் ஒரு மலர்ச்சி வந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பரவாயில்லை, ஆறுதலாக நாலு வார்த்தை பேசப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஒருவிதத்துல நல்லதுதான் போ. இனி உனக்கு என்ன, முப்பது நாளும் சுத்தம். நோம்பிக்கு மாரியாத்தா மாவௌக்கு இனி உன்ற கையால இடிச்சிரலாம். ஊறுகாய்ப் பானைய நீயே பாத்துக்க. கொலதெய்வத்துக்குப் பொங்கல் நீயே வெச்சிரு. மருமவ பேறுகாலத்துக்கு நாளு கெழமை பாக்காம நீ கூடவே இருக்கலாம். எத்தன சவுரியம்!"

"ஆருக்குங்க சவுரியம்?"

"ஊட்டுக்குத்தான்."

வயதானால் உட்கார வைப்பார்கள் என்று நான் எங்கேயோ நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல. என் அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நங்கையும் உட்கார்ந்ததில்லை. பிறகு எங்கிருந்து எனக்கு அந்த நினைப்பு வந்ததோ தெரியவில்லை. எழுந்து போய்க் கம்பு குத்தினேன். உலக்கை அன்றைக்கு நன்றாகவே இறங்கியது.

அதோடு விட்டார்களா? சித்திரையில் பருத்திக் காடு ஓய்ந்து, செடியைப் பிடுங்கி, விறகுக்குப் பருத்திமாராகக் காயப்போட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மருமவளும் மாசமா இருக்கறா, அந்தப் பொறத்தாலச் சாளை இனிச் சும்மாதான கெடக்குது. பருத்திமாரை அதுக்குள்ள அடுக்கிப்போடு. மழைக்கு நனையாது."

நான் அப்போது மோர் சிலுப்பிக்கொண்டிருந்தேன். மத்தைப் பானையிலேயே விட்டேன். உள்ளே போனேன். பாயைச் சுருட்டினேன். தலையணையும் எடுத்துக்கொண்டேன், தீட்டு நாளில் தலையணை கிடையாது, இப்போது என்ன? இரண்டு பழைய பத்திரிகையும் எடுத்துக்கொண்டேன். பட்டப்பகலில், வாசலில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, நடந்து போய்ச் சாளைக்குள் பாயை விரித்தேன். முதல் சுமை பருத்திமாரோடு வந்த ஆள் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். "அக்கட்ட கொண்டு போய்ப் போடுப்பா" என்றேன். போட்டான்.

நங்கை ஓடி வந்தார். "என்ன புள்ள இது? உனக்குத்தான் ஒண்ணுமில்லியே. எதுக்கு இங்க வந்து உக்காந்திருக்கற?"

"எனக்கு வயசாச்சுங்க. அதுக்குத்தான்."

"வயசானா உக்காரணும்னு எந்த ஊர்ல வழக்கம்?"

"எந்த ஊர்லயும் இல்லீங்க. இந்தச் சாளையில மட்டும் உண்டு. மாசத்துல மூணு நாள் நான் இங்கதான். நீங்க சொன்ன மாவௌக்கு, பொங்கல், ஊறுகா எல்லாம் மிச்ச நாள்ல செஞ்சுபோடறேன். மத்து பானையில கெடக்குது, வெண்ணெய் தெரண்டிருச்சா பாருங்க."

அவர் என்னென்னவோ சொன்னார். ஊர் சிரிக்கும் என்றார். தம்பி மானம் போச்சு என்றார். நான் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் வெண்ணெய் உருகிவிடுமே என்ற கவலையில் அவரே போய்விட்டார்.

வெயில் தாழ்ந்த பிறகு என் வீட்டுக்காரர் வந்தார். பழக்கதோசத்தில் வேலி முடக்கிலேயே, எட்டத்தில் நின்றார். முப்பது வருசமாக அங்கே நின்றுதான் பேசுவார். அப்புறம் அவருக்கே நினைவு வந்தது போல.

"இப்பக் கிட்டத்துல வரலாமில்ல?" என்றார்.

"வாங்க. ஆரு வேண்டாங்கறாங்க?"

வந்தார். சாளைக்குள் குனிந்து நுழைந்து, ஒரு கையால் மூங்கில் காலைப் பிடித்து, மறு கையால் முழங்காலைப் பிடித்து, அம்மாடி என்று முனகிக்கொண்டு பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். எழுந்து ஓடி ஆடி வேலை ஏவுகிற மனுசர் உட்காருவதற்கு இத்தனை பாடுபடுகிறார் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். காற்று வந்தது. மேற்கே மலையைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது இங்க" என்றார். பிறகு காலை நீட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "எனக்கும் முன்ன மாதிரி முடியறதில்ல புள்ள. மேடு ஏறினா மூச்சு வாங்குது. ஆருகிட்டச் சொல்றது? நானும் இப்பிடி மூணு நாள் வந்து..."

"அதெல்லாம் ஆகாதுங்க" என்றேன். "இது என்ற சாளை. உங்களுக்கு வேணும்னா நீங்க தனியா ஒண்ணு போட்டுக்கங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. நான் பாயில் கொஞ்சம் நகர்ந்து படுத்தேன்.